மருந்தின் உறை யாருக்காக?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மருந்தைப் பற்றியதல்ல. மருந்தை மூடியிருக்கும் உறையைப் பற்றியதாகும். உறை என்று நாம் சொல்லுவது மாத்திரை அட்டை, சீசா, சீசாவின் மூடி, பொட்டலம், களிம்புக் குழாய், அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துத்தான். "இதற்கு ஒரு கூட்டமா? இதைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். மருந்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம், அதைக் காகிதத்தில் சுற்றுவது சில்லறைக் காரியம் என்பது பொதுவான எண்ணம். ஆனால் மருந்து எவ்வளவு உயர்ந்ததாயிருந்தாலும் அது வயிற்றுக்குள் போன பிறகுதான் வேலை செய்யும். கடையிலிருந்து வயிறு வரையில் உள்ள வழி முழுவதும் உறையின் ஆதிக்கத்தில் இருக்கிறது. திறக்க முடியாவிட்டால் மருந்து இல்லை. படிக்க முடியாவிட்டால் எந்த மருந்தென்று தெரிவதில்லை. அளக்க முடியாவிட்டால் மருந்தே விஷமாகிறது. ஆகவே இது சில்லறைக் காரியமல்ல என்பதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்க்க வேண்டுமென்றுதான் நாம் உங்களை அழைக்கிறோம்.

நம் வீடுகளில் நடப்பது

முதலில் நம் வீட்டு அலமாரியையே எடுத்துக்கொள்ளுவோம். கடைக்காரர் 10 மாத்திரை உள்ள அட்டையில் 4 மாத்திரையைக் கத்தரியால் வெட்டிக் கொடுக்கிறார். காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டுந்தான் அச்சிட்டிருக்கும். அந்த ஓரம் யார் கைக்குப் போகிறதோ அவருக்குத்தான் தேதி; மற்றவருக்கு வெறும் மாத்திரை. மருந்தின் பெயர் அட்டை முழுவதும் ஓடுமாறு அச்சிடத் தெரிகிறது. கம்பெனியின் பெயரைப் பளிச்சென்று போடத் தெரிகிறது. உயிர் போகும் விஷயமான தேதியை மட்டும் ஒரே மூலையில் ஒளித்து வைப்பானேன்? அதுவும் பளபளக்கும் தகட்டின்மேல், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில்! கண்ணாடி போட்ட வாலிபரும் அதை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறதென்றால், கண்ணில் புரை விழுந்த கிழவர் என்ன செய்வார்?

அடுத்தது பாஷை. நம் கடைகளில் விற்கும் மாத்திரை அட்டைகளில் இருப்பது பெரும்பாலும் இங்கிலீஷ். மருந்தைச் சாப்பிட வேண்டியவர் ஒருவர். அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்கக்கூடியவர் வேறொருவர். புரியாத பாஷையில் சொன்னாலும் மந்திரம் பலிக்கும் என்று சொல்லுவாருண்டு. மருந்து அப்படிப் பலிப்பதில்லை, தோழர்களே! "சாப்பாட்டுக்குப் பின்" என்பதைச் சாப்பாட்டுக்கு முன் என்றும், மேலே பூசுவதை உள்ளுக்குச் சாப்பிடுவதென்றும் எடுத்துக்கொண்டால் மருந்து அதை மன்னித்து வேலை செய்யாது.

எழுத்துத் தெரியாத நம் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? நிறத்தை வைத்துக் கணக்கு வைத்துக்கொள்ளுகிறார்கள். "வெள்ளை காலையில், மஞ்சள் ராத்திரியில்" என்று சர்க்கரை வியாதிக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வாங்கும் மாத்திரைகளை நினைவில் வைத்துக்கொள்ளுகிறார்கள். இது அறிவீனமல்ல, கையிலிருக்கும் ஒரே அடையாளத்தை வைத்துச் செய்துகொண்ட புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அடுத்த மாதம் அதே மருந்து வேறு கம்பெனியிலிருந்து வருகிறது. வெள்ளையாயிருந்தது இளஞ்சிவப்பாக வருகிறது. அந்த அம்மாள் பழைய மாத்திரை மிச்சமிருப்பதையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிடுகிறார். அல்லது "இது நம் மாத்திரை அல்ல" என்று தள்ளி வைத்துவிடுகிறார். இரண்டிலும் ஆபத்து இருக்கிறது. கடைசியில் "சொன்னால் புரியாத ஜனங்கள்" என்ற பட்டமும் அவருக்கே கிடைக்கிறது.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் தண்ணீர் மருந்தைப் பாருங்கள். "ஒரு ஸ்பூன்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். எந்த ஸ்பூன்? தேக்கரண்டி 5 மில்லி லிட்டர், மேசைக்கரண்டி 15 மில்லி லிட்டர் என்பது புத்தகக் கணக்கு. நம் அடுப்பங்கரையில் இருப்பதோ பாட்டி காலத்துக் கரண்டி, பாலாடை, சங்கு. 5 கொடுக்க வேண்டிய இடத்தில் 15 கொடுத்தால் மூன்று பங்கு மருந்து அந்தச் சிறு உடலுக்குள் போகிறது. இதை எண்ணித்தான் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2015-இல், குழந்தைகளுக்கான தண்ணீர் மருந்தை ஸ்பூன் கணக்கில் சொல்லுவதையே விட்டுவிட்டு மில்லி லிட்டர் கணக்கில்தான் எழுத வேண்டும், அளவுக் கோடு போட்ட குழலோ கிண்ணமோ கொண்டுதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிற்று. படிப்பு மிகுந்த தேசத்திலேயே ஸ்பூனை நம்பக்கூடாதென்று ஏற்பட்டால், நம் நாட்டில் அதை நம்புவதற்கு என்ன நியாயம்?

தலைவிதியா? மூடியா?

இப்படி ஒரு குழந்தை மருந்தை மாற்றித் தின்று ஆபத்துக்குள்ளானால் நாம் என்ன சொல்லுகிறோம்? "விதி" என்கிறோம். விதியில் நம்பிக்கை இல்லாதவர்கள் "தாயின் கவனக்குறைவு" என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். இரண்டு பேச்சும் அத்துடன் விசாரணையை நிறுத்திவிடுகின்றன. நிறுத்தாமல் மேலும் விசாரித்த ஒருவரின் கதையைச் சொல்லுகிறோம்.

கனடா தேசத்தில் ஆன்ட்டேரியோ மாகாணத்தில் விண்ட்ஸர் என்று ஒரு பட்டணம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹென்றி ப்ரோ என்பவர் குழந்தை வைத்தியராயிருந்தார். வீட்டிலிருந்த மாத்திரைகளை மிட்டாய் என்று நினைத்து அள்ளித் தின்ற குழந்தைகள் அவரிடம் வந்துகொண்டேயிருந்தார்கள். பெற்றோர்களுக்கு எச்சரிக்கை செய்து பார்த்தார்; பிரசாரம் செய்து பார்த்தார்; குழந்தைகள் வருவது நிற்கவில்லை. பிறகுதான் அவர் பெற்றோர்களைத் திருத்துவதை விட்டுவிட்டு மூடியைத் திருத்தலாமென்று முடிவு செய்தார். கருவித் தொழிற்சாலை நடத்தி வந்த பீட்டர் ஹெட்ஜ்விக் என்பவருடன் சேர்ந்து, 1967-இல் ஒரு மூடி செய்யப்பட்டது. உள்ளங்கையால் கீழே அழுத்திக்கொண்டே திருப்பினால்தான் அது திறக்கும். சிறு குழந்தைக்கு அழுத்தத் தெரியும்; திருப்பத் தெரியும்; இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய வராது. இவ்வளவுதான் அதன் இரகசியம்.

அதன் பலன் என்ன? அந்த மூடி பழக்கத்துக்கு வந்ததும் அந்தப் பட்டணத்தில் குழந்தைகள் மருந்து தின்று ஆஸ்பத்திரிக்கு வருவது 100-க்கு 90-க்கு மேல் குறைந்துபோயிற்று. தாய்மார்கள் ஒரே வருஷத்தில் பத்து மடங்கு கவனமுள்ளவர்களாக மாறிவிட்டார்களா? அல்லது கனடாவிலுள்ள குழந்தைகளின் தலையெழுத்தெல்லாம் ஒருசேர அழித்து எழுதப்பட்டதா? ஒன்றுமில்லை. மூடி மாறிற்று, அவ்வளவே. மூடியை மாற்றினால் மாறிப்போகிற ஒன்றுக்கு விதி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தோம் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்? 1974-இல் அந்த மாகாணத்தில் இப்படிப்பட்ட மூடி கட்டாயமாக்கப்பட்டது.

கிழவரும் குழந்தையும்

இத்துடன் கதை முடிந்துவிட்டால் நமக்குப் பேச வேலையில்லை. இனிமேல்தான் யோசிக்க வேண்டிய இடம் வருகிறது.

அமெரிக்காவில் 1970-இல் இதற்கென்று ஒரு சட்டம் செய்தார்கள். அபாயமான மருந்துகளும் வீட்டு உபயோகப் பொருள்களும் குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத உறையில்தான் வர வேண்டும் என்பது சட்டம். எப்படித் தெரிந்துகொள்ளுவது? கம்பெனிக்காரன் வார்த்தையை நம்பிவிடவில்லை. குழந்தைகளையே கூப்பிட்டு உட்கார வைத்துச் சோதனை செய்தார்கள். மூன்றரை வயதிலிருந்து நாலேகால் வயது வரையுள்ள குழந்தைகள் கையில் சீசாவைக் கொடுத்து 5 நிமிஷம் திறக்கச் சொல்லுவது. முடியாவிட்டால் பெரியவர் ஒருவர் கண்ணெதிரே திறந்து காட்டி, வேண்டுமானால் பல்லாலும் கடித்துப் பார் என்று சொல்லி, மறுபடியும் 5 நிமிஷம் கொடுப்பது. அப்பொழுதும் 100-க்கு 80 குழந்தைகளால் திறக்க முடியாமலிருந்தால்தான் அந்த உறை பாஸ் ஆகும். சாஸ்திரம் சொல்லுகிறது, பெரியவர்கள் சொல்லுகிறார்கள் என்றில்லாமல், திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுகிற இந்த முறை நமக்கு மிகவும் பிடித்தமானது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. பெரியவர்களால் அதைத் திறக்க முடிகிறதா என்றும் சோதிக்க வேண்டுமல்லவா? சோதித்தார்கள். யாரைக் கொண்டு? 18 வயதிலிருந்து 45 வயது வரையுள்ளவர்களைக் கொண்டு! தோழர்களே, மருந்துச் சீசாவை மற்றெல்லோரையும் விட அதிகமாகத் திறப்பவர் யார்? கை முட்டி வீங்கி, விரல் மடங்காமல், கண் மங்கிப்போன கிழவர்களும் கிழவிகளுந்தானே? அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. மருந்து யாருக்கோ அவரை விட்டுவிட்டு, மருந்து வேண்டாத வாலிபரைக் கூப்பிட்டு, "திறக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பலன் என்னவாயிற்று? திறக்க முடியாத கிழவர்கள் மூடியைச் சரியாக மூடாமலே வைத்தார்கள். அல்லது மாத்திரைகளை வேறு டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டார்கள். பேரக் குழந்தைகள் வந்தபொழுது தாத்தாவின் மாத்திரை மேசைமேல் திறந்து கிடந்தது. குழந்தையைக் காப்பாற்ற வந்த மூடி, கிழவரை மதிக்காத காரணத்தால் குழந்தையையும் காப்பாற்றவில்லை. இதைப் பல வருஷங்கள் கண்ட பிறகு, 1995-இல் விதியைத் திருத்தினார்கள். இனிமேல் 50-லிருந்து 70 வயது வரையுள்ளவர்களைக் கொண்டுதான் சோதிக்க வேண்டும்; முதலில் 5 நிமிஷத்தில் திறக்க வேண்டும்; பிறகு 1 நிமிஷத்துக்குள் திறந்து மறுபடியும் சரியாக மூட வேண்டும்; 100-க்கு 90 பேருக்கு இது முடிய வேண்டும் என்று ஏற்படுத்தினார்கள். உடனே கம்பெனிகளின் புத்தி வேலை செய்தது. முரட்டுப் பலம் வேண்டாத, யோசனை மட்டும் வேண்டிய மூடிகள் வெளிவந்தன. முன்னே ஏன் வரவில்லை? யாரும் கேட்கவில்லை, அதனால் வரவில்லை.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பலவீனமுள்ளவரை வைத்து ஒரு சாமானைச் செய்தால் அது எல்லோருக்கும் உதவுகிறது. பலமுள்ளவரை மட்டும் வைத்துச் செய்தால் அது கடைசியில் ஒருவருக்கும் முழுமையாக உதவுவதில்லை.

நாள் காட்டும் அட்டை

திறப்பது ஒரு கஷ்டமென்றால், "இன்றைக்குச் சாப்பிட்டாயிற்றா?" என்று நினைவு வைத்துக்கொள்ளுவது இன்னொரு கஷ்டம். அமெரிக்காவில் 1960-இல் கர்ப்பத் தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அது முதலில் சாதாரணச் சீசாவில்தான் வந்தது. இத்தனை நாள் சாப்பிடு, இத்தனை நாள் நிறுத்து என்பது கணக்கு. கணக்குத் தவறினால் மாத்திரை சாப்பிட்டும் பிரயோஜனமில்லை. இல்லினாய் மாகாணத்தில் நாலு குழந்தைகளுக்குத் தகப்பனாரான டேவிட் வாக்னர் என்ற இஞ்சினீயர், தம் மனைவியாரைத் தினந்தோறும் "சாப்பிட்டாயா?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனார். ஒரு காகிதத்தில் கிழமைகளை எழுதி ஒவ்வொன்றின்மேலும் ஒரு மாத்திரையை வைத்தார். காகிதத்தின்மேல் ஏதோ விழுந்து மாத்திரைகளெல்லாம் சிதறிப்போயின. பிறகு வட்டமான பெட்டி ஒன்றைக் கிழமை தெரியும்படி செய்து, 1962-இல் உரிமைக்கு விண்ணப்பம் போட்டார். 1963-லேயே அவ்விதமான பெட்டி விற்பனைக்கு வந்துவிட்டது. பார்த்த மாத்திரத்தில் இன்றைய மாத்திரை போயிற்றா, இருக்கிறதா என்று தெரியும். எத்தனை பிள்ளைகள் வேண்டுமென்று ஒரு பெண் தானே தீர்மானித்துக்கொள்ளுகிற பெரிய சுதந்திரத்துக்கு ஒரு சிறு பெட்டி துணை நின்றது.

இது வெள்ளைக்காரர் தேசத்துச் சமாசாரம், நமக்கு ஒத்துவராது என்று யாரும் சொல்லிவிடப் போகிறார்கள் என்றே நம் நாட்டுக் கதையையும் சொல்லுகிறோம். குஷ்டரோகத்தை நம் நாட்டில் பூர்வ ஜன்ம வினையென்றும், தெய்வத்தின் தண்டனையென்றும் சொல்லி, அந்த வியாதியஸ்தர்களை ஊருக்கு வெளியே தள்ளி வைத்தார்கள். அது ஒரு கிருமியால் வருவது, மருந்தால் தீருவது. 1981-இல் உலக சுகாதார ஸ்தாபனம் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையைச் சிபாரிசு செய்தது. ஆனால் அந்த முறையிலுள்ள சிக்கலைப் பாருங்கள். சில மருந்துகள் தினமும். சில மருந்துகள் மாதம் ஒருமுறை பெரிய அளவில். இதைப் படித்தவரே தவறாமல் செய்வது கஷ்டம். அதற்காக 28 நாளுக்கு ஓர் அட்டை என்று செய்தார்கள். முதல் நாள் சுகாதார ஊழியர் முன்னிலையில் சாப்பிட வேண்டியது ஒரு பக்கம். மிச்சம் 27 நாளுக்கு உள்ளது நாள்வாரியாக வரிசையாக. பெரியவர்களுக்கு ஒரு நிறம், குழந்தைகளுக்கு வேறு நிறம். நோய் பரவலாக உள்ளவருக்கு இப்படி 12 அட்டை. 12-உம் முடிந்தால் சிகிச்சை முடிந்தது. எழுத்தறியாத விவசாயியும், மலைவாசியும் இந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தம் வீட்டிலிருந்தபடியே குணமானார்கள். வினை என்று சொல்லப்பட்டது மாத்திரையால் தீர்ந்தது. அந்த மாத்திரை தவறாமல் வாய்க்குப் போக அட்டை வழி செய்தது.

எழுத்தில்லாமல் பேசும் உறை

மலேரியாக் காய்ச்சலிலும் இப்படியே. மருந்தின் அளவு வயதுக்கு வயது மாறும். இந்திய சர்க்காரின் 2013-ஆம் வருஷத்துச் சிகிச்சை விதிகளில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இளஞ்சிவப்பு அட்டை, 1 முதல் 4 வரை மஞ்சள், 5 முதல் 8 வரை பச்சை, 9 முதல் 14 வரை சிவப்பு, அதற்கு மேல் வெள்ளை என்று நிறம் பிரித்து வைத்தார்கள். காட்டுக் கிராமத்திலுள்ள சுகாதார ஊழியர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வயதைக் கேட்டு நிறத்தை எடுத்தால் போதும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபொழுது டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, 100-க்கு 30 வரையிருந்த சாவை 4-க்கும் கீழே கொண்டுவந்தார். இவ்வளவு சக்தி வாய்ந்த சாமான், பிறகு உலகமெங்கும் பெரும்பாலும் 1 லிட்டர் தண்ணீருக்கான பொட்டலமாகப் போயிற்று. ஏழை வீட்டில் லிட்டர் அளவுப் பாத்திரம் எங்கே இருக்கிறது? நோயாளிக் குழந்தை ஒரு நாளில் ஒரு லிட்டரா குடிக்கும்? தாய் குத்துமதிப்பாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கெடுதல். அதிகமானால் மருந்துக்குப் பலமில்லை.

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா தேசத்தில் சைமன் பெர்ரி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2012, 2013-ஆம் வருஷங்களில் ஒரு சோதனை செய்தார்கள். பொட்டலத்தை 200 மில்லி லிட்டருக்கு உரியதாகச் சிறிதாக்கினார்கள்; அதை வைத்து விற்கும் பிளாஸ்டிக் உறையையே அளவுக் கிண்ணமாகவும், கலக்கும் பாத்திரமாகவும், குடிக்கும் குவளையாகவும் அமைத்தார்கள். 1 லிட்டர் பொட்டலத்தை வைத்துக்கொண்டு சரியான அளவில் கரைத்தவர்கள் 100-க்கு 60 பேர். புது உறையை வைத்துக்கொண்டு சரியாகக் கரைத்தவர்கள் 100-க்கு 93 பேர். தாய்மார்கள் அதே கிராமத்துத் தாய்மார்கள்தான். பள்ளிக்கூடம் வைத்துப் படிப்புச் சொல்லிக் கொடுக்கவில்லை. உறை மட்டுந்தான் மாறிற்று. இன்னொன்றையும் கவனியுங்கள். அவர்கள் முதலில் அந்த உறையைக் கொக்கோ கோலாப் பெட்டியில் புட்டிகளுக்கு நடுவே சொருகி ஊர் ஊராக அனுப்பலாமென்றே அந்த வடிவத்தில் செய்தார்கள். நடைமுறையில் அப்படிச் சொருகியவர் மிகச் சிலரே. எண்ணியது நடக்கவில்லை என்று கண்டதும் அதைப் பிடித்துக்கொண்டிருக்காமல், ஜனங்களுக்கு எது உதவிற்றோ அதை வைத்துக்கொண்டு மேலே போனார்கள். அறிவு வேலை செய்வது இப்படித்தான்.

நம் நாட்டிலும் சில மருந்து அட்டைகளின்மேல் நெட்டுக்குத்தாக ஒரு சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். வைத்தியர் சீட்டு இல்லாமல் அதை வாங்கிச் சாப்பிடக்கூடாது என்பது அதன் அர்த்தம். 2016-இல் சர்க்கார் அதைப் பற்றி விளம்பரமும் செய்தார்கள். நல்ல யோசனை, எழுத்துத் தெரியாதவருக்கும் கோடு தெரியும். ஆனால் கோட்டின் அர்த்தம் ஊருக்குள் வந்து சேரவில்லையானால் அது வெறும் அலங்காரந்தான். இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நீங்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

வியாபாரியின் தயவு

இவ்வளவையும் கேட்டு, "கம்பெனிகளே நல்ல உறையாகச் செய்துவிடுவார்கள், நமக்கேன் கவலை?" என்று யாராவது நினைத்தால் இன்னொரு கதையும் கேட்கட்டும். அமெரிக்காவில் ஒரு பாட்டியார் தம் கணவருடைய மருந்தைத் தம்முடையது என்று மாற்றிச் சாப்பிட்டுவிட்டார். சீசாக்கள் ஒன்றுபோலவே இருந்தன. அவருடைய பேத்தி டெபோரா ஆட்லர் சித்திரக் கலை படித்துக்கொண்டிருந்தவர். உருண்டைச் சீசாவின் வளைவில் எழுத்து ஓடி மறைந்துபோவதைக் கண்டு, தட்டையான முகமுள்ள சீசாவைச் செய்தார். மருந்தின் பெயர் பெரிய எழுத்தில். எப்படிச் சாப்பிட வேண்டுமென்பது அதன் கீழே. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் வளையம். டார்கெட் என்ற பெரிய கடைக் கம்பெனி அதை 2005-இல் எடுத்துக்கொண்டது. ஜனங்கள் மிகவும் விரும்பினார்கள். 2015-இல் அந்தக் கம்பெனியின் மருந்துக் கடைகள் வேறொரு கம்பெனிக்கு விற்கப்பட்டன. 2016-இல் பழையபடி உருண்டைச் சீசாவே வந்தது. ஜனங்கள் முறையிட்டுக்கொண்டார்கள், ஆனாலும் அந்தச் சீசா போயே போய்விட்டது.

இதற்கு மாறாக ஐரோப்பிய யூனியனில் என்ன செய்தார்கள்? 2004-இல் ஒரு சட்டம் செய்து, மருந்துப் பெட்டியின்மேல் மருந்தின் பெயர் கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் புள்ளி எழுத்தில் இருக்கத்தான் வேண்டும் என்று ஏற்படுத்தினார்கள். கடை கை மாறினாலும், கம்பெனி கை மாறினாலும் அந்தப் புள்ளி மாறாது. தயவாகக் கிடைத்தது தயவு போனதும் போகும். உரிமையாகக் கிடைத்தது நிற்கும். சுயமரியாதையைப் பற்றிப் பேசுகிற நமக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல வேண்டும்?

சில ஆட்சேபணைகள்

இதற்குச் சில ஆட்சேபணைகள் சொல்லுவார்கள். ஒன்று, செலவு அதிகமாகும் என்பது. தேதியை ஒரு மூலையில் அடிப்பதற்குப் பதில் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால் அடித்தால் எவ்வளவு மை அதிகமாகும்? அட்டையில் கிழிப்பதற்குத் துளைக் கோடு போட்டால் எவ்வளவு தகடு அதிகமாகும்? ஏழைக் குஷ்டரோகிக்கு இலவசமாகக் கொடுக்கும் அட்டையில் செய்ய முடிந்தது, காசு கொடுத்து வாங்குகிறவன் அட்டையில் முடியாதென்றால் யார் நம்புவார்கள்? 2023-இல் இந்திய சர்க்காரின் நுகர்வோர் விவகார இலாகாவிலேயே இவ்விதத் துளைக் கோடும், துண்டுக்குத் துண்டு தேதியும் வேண்டுமென்று யோசனை நடந்ததாகச் செய்தி வந்தது. ஆகவே இது நம் கற்பனையல்ல.

இரண்டாவது, "கைபேசி இருக்கிறதே" என்பது. 2023 ஆகஸ்டு 1 முதல் 300 மருந்துகளுக்குக் கட்டங்கட்டமான ஒரு குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. கைபேசியில் அதைப் படம் பிடித்தால் மருந்தின் விவரம் தெரியும். போலி மருந்தைப் பிடிக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் எழுத்தே தெரியாதவருக்கு, கைபேசியில் இங்கிலீஷில் வரும் விவரம் எப்படி உதவும்? பூட்டின்மேல் இன்னொரு பூட்டுப் போட்டதாகாதா?

மூன்றாவது, "ஜனங்கள் படித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது. எல்லோரும் படிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. ஆனால் படித்தவருக்கும் வயதாகும். படித்தவருக்கும் கண் மங்கும். படித்தவரும் நள்ளிரவில் காய்ச்சலில் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அரை வெளிச்சத்தில் சீசாவைத் தேடுவார். கண் சொட்டு மருந்தும் காது சொட்டு மருந்தும் ஒரே மாதிரிச் சிறு புட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பண்டிதருக்கும் கை தவறும்.

நாம் கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும்

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஒவ்வொரு மாத்திரையின் பின்னாலும் பெயரும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். எழுத்து, கிழவர் கண்ணுக்குத் தெரியும் அளவில் கறுப்பாக இருக்க வேண்டும். எப்படிச் சாப்பிடுவதென்பது தமிழிலும், சூரியன், சந்திரன், சோற்றுத் தட்டு முதலிய படங்களாலும் இருக்க வேண்டும். தண்ணீர் மருந்தோடு அளவுக் கோடு போட்ட கிண்ணமோ குழலோ கண்டிப்பாக வர வேண்டும். எந்த உறையையும் விற்பனைக்கு விடுமுன் வயதானவர்களையும், எழுத்தறியாதவர்களையும், கண் தெரியாதவர்களையும் கொண்டு சோதிக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அது ஒன்று நடந்தால் மற்றவை தாமே வரும்.

அவை வரும் வரையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அட்டையை வெட்டும்பொழுது தேதி இல்லாத முனையிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். தேதியுள்ள முனை கடைசி வரை அட்டையில் நிற்கும். ரசீது கேட்டு வாங்கி, அதில் தேதி இருக்கிறதா என்று பார்த்து மருந்தோடு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் நிறம் மாறி வந்தால், சாப்பிடுமுன் "பழையதுக்குப் பதிலா, அதோடு சேர்த்தா?" என்று கேளுங்கள். கம்பவுண்டர் காகித உறையின்மேல் 1-0-1 என்று எழுதிக் கொடுத்தால், காலை ஒன்று, மத்தியானம் இல்லை, இரவு ஒன்று என்று வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். வெட்கப்பட வேண்டியது புரியாதபடி எழுதியவர். மண்ணெண்ணெயையும் பூச்சி மருந்தையும் சோடாப் புட்டியிலோ தண்ணீர்ப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைக்குப் புட்டியின் வடிவம் "குடி" என்று சொல்லுகிறது, அது குடிக்கிறது. வாசகசாலைத் தோழர்கள் வாரத்தில் ஒரு மாலை, ஊராருடைய மருந்து அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, தேதியைப் பார்த்து, சூரியனும் சந்திரனும் வரைந்த சீட்டு ஒன்றை ஒவ்வொன்றின்மேலும் ஒட்டிக் கொடுக்கலாம். அதில் வைத்தியம் ஒன்றுமில்லை. வைத்தியரின் சீட்டில் உள்ளதைத் தெரியும்படி எழுதிக் கொடுப்பது மட்டுந்தான். சந்தேகமுள்ளதை வைத்தியரிடமே அனுப்பிவிட வேண்டும்.

தோழர்களே! திறக்க முடியாத சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி, "எனக்குச் சாமர்த்தியம் போதாது" என்று தன்னையே நொந்துகொள்ளுகிறாள். படிக்க முடியாத அட்டையை வைத்துக்கொண்டு ஒரு தொழிலாளி, "நான் முட்டாள்" என்று தலை குனிகிறான். அவர்களிடம் போய் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. குறை உங்களிடத்தில் இல்லை. அந்தச் சீசாவைச் செய்தவர் உங்களை நினைக்காமல் செய்துவிட்டார். மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம். பல தேசங்களில் மாற்றியும் இருக்கிறார்கள். இந்த ஒரு எண்ணம் ஊரில் பரவினால், மூடிகளும் அட்டைகளும் மாறுவதற்கு அதிக நாள் பிடிக்காது. ஆகையால் நாம் சொன்னவற்றை நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக்கொள்ளாமல், வீட்டுக்குப் போனதும் உங்கள் அலமாரியிலுள்ள மருந்துகளை ஒருமுறை எடுத்துப் பார்த்து, சரியென்று பட்டால் ஏற்று நடக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.